கொட்டுவதும் சொல்வதும்

மனத்திலுள்ளதைக் கொட்டித் தீர்த்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று துக்க வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர் முதல், காரியாலயங்களில் மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி நடத்துகிறவர் வரை எல்லோரும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்லுகிறார்கள். நெடுநாள் அனுபவத்தின்மேல் எழுந்த வாக்கு ஆதலால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதற்கில்லை. ஆயினும் சற்று நின்று கவனித்தால் இரண்டு வேறான அபிப்பிராயங்கள் அதில் கலந்து கிடப்பது தெரியும். உணர்ச்சியை எவ்விதமாவது வெளியே விட்டால் போதும், அலறினாலும் அடித்தாலும் அழுதாலும் பலன் ஒன்றே என்பது ஓர் அபிப்பிராயம். நடந்தது இன்னது, அதனால் நான் பட்டது இன்னது என்று சொல்லாக அமைத்துக் கூறும்போதுதான் மனம் ஆறுகிறது என்பது மற்றொன்று. கடந்த நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் பரிசோதனைகள் முதல் அபிப்பிராயத்தைப் பெரும்பாலும் நிராகரித்துவிட்டு, இரண்டாவதைப் பல நிபந்தனைகளோடும் நிதானத்தோடும் ஆதரிக்கின்றன. பயிற்சி தருகிறவர்களும் பெறுகிறவர்களும் இந்தப் பேதத்தை அறிந்திருப்பது அவசியம்.

உணர்ச்சி எழும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை. அச்சமும் சினமும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, இதயத்தை விரைவாக்கி, இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடம்பை ஆயத்தப்படுத்துகின்றன என்று ஹார்வர்டு சர்வகலாசாலையின் உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் 1915-ல் விளக்கினார். கனடாவின் மான்ட்ரியால் நகரத்தில் ஆராய்ச்சி செய்துவந்த ஹான்ஸ் செல்யே, எலிகளைக் குளிருக்கும் கடும் உழைப்புக்கும் விஷப்பொருள்களுக்கும் உட்படுத்தி, இன்னல் எதுவானாலும் அட்ரினல் சுரப்பி பெருப்பதும், தைமஸ் சுரப்பி சுருங்குவதும், இரைப்பையில் புண் தோன்றுவதும் ஒன்றுபோலவே நிகழ்வதைக் கண்டு 1936-ல் அறிவித்தார். சிறிது நேரத்துக்கு உதவியாய் இருக்கும் இந்த ஆயத்தம் நாள்கணக்காய், மாதக்கணக்காய் நீடிக்கும்போது உடம்பை அரிக்கத் தொடங்குகிறது. நாம் மன அழுத்தம் என்று சொல்லுவதன் உடற்பகுதி இதுவே.

இவ்வாறு எழுந்த கிளர்ச்சியை முகத்தில் காட்டாமல் மறைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்னும் இரண்டு அமெரிக்க உளவியலார் சோதித்துப் பார்த்தார்கள். 1997-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில் 180 பெண்கள் துயரக் காட்சி, வேடிக்கைக் காட்சி, இரண்டிலும் சேராத சாதாரணக் காட்சி ஆகிய படத்துண்டுகளைப் பார்த்தனர். அவர்களில் ஒரு சாராரிடம் மட்டும், உங்களைப் பார்க்கிறவருக்கு உங்கள் உள்ளத்தில் ஓடுவது இன்னதென்று தெரியாதபடி நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டது. சொன்னபடியே அவர்கள் முகம் அமைதியாய் இருந்தது. ஆனால் அவர்களுடைய இதயமும் இரத்தக் குழாய்களும், மறைக்கும்படி சொல்லப்படாதவர்களுடையவற்றைக் காட்டிலும் அதிகக் கிளர்ச்சி கொண்டன. துயரத்தை மறைத்தவர்களுக்கு நேர்ந்த இதே நிலை சிரிப்பை மறைத்தவர்களுக்கும் நேர்ந்தது. பெரியவர்கள் கூடிய சபையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாய் இராது.

அடக்குவதால் தீங்கு விளைகிறது என்றால் திறந்துவிடுவதால் நன்மை விளைய வேண்டும் என்று உடனே ஒரு முடிவுக்கு வரத் தோன்றுகிறது அல்லவா? இந்த முடிவுதான் வெகுகாலம் மனோதத்துவத்தை ஆண்டுவந்தது. வெளிப்பட வழியின்றி நின்றுபோன உணர்ச்சியே உடம்பில் நோயாகத் தலைகாட்டுகிறது, அதை அதற்குரிய நினைவோடு சேர்த்து வெளிப்படுத்திவிட்டால் நோய் நீங்கும் என்று வியன்னா நகரத்து வைத்தியர்கள் யோசப் பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் 1895-ல் ஹிஸ்டீரியாவைப் பற்றி எழுதிய நூலில் கூறினார்கள். அந்த நூலில் அன்னா ஓ. என்ற மறைபெயரால் குறிக்கப்பட்ட பெர்த்தா பாப்பென்ஹைம், பிராயரிடம் பேசிப் பேசியே குணமடைந்ததாகச் சொல்லப்பட்டிருந்தாலும், 1882-ல் அந்தச் சிகிச்சை முடிந்தபின்பும் அவர் சுவிட்சர்லாந்தில் ஒரு மருத்துவ இல்லத்தில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தது. பிற்காலத்தில் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவிப் பெரிய சமூகத் தொண்டராக விளங்கியவரும் அவரே. நூலில் இருந்த நுட்பமான விஷயங்கள் மறக்கப்பட்டு, கொதிக்கும் பானையின் மூடியைச் சற்று நகர்த்தி ஆவியை வெளிவிடுவதுபோல உணர்ச்சியையும் வெளிவிட வேண்டும் என்ற உபமானம் மட்டும் ஊரெங்கும் பரவிற்று. 1970-ல் ஆர்தர் ஜானவ் என்ற அமெரிக்கர், குழந்தைப் பருவத்து வேதனையை வாய்விட்டு அலறித் தீர்க்கும் சிகிச்சை ஒன்றைப் பற்றி எழுதிய புத்தகம் அமோகமாக விற்பனையானது. தலையணையைக் குத்து, பாத்திரத்தைப் போட்டு உடை என்று சொல்லும் பயிற்சிகளெல்லாம் இந்த வம்சத்தில் வந்தவையே.

மனிதன் பானையல்லன் என்பதை அயோவா மாநில சர்வகலாசாலையில் இருந்த பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை தெளிவாகக் காட்டியது. 600 மாணாக்கர்களை ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொல்லி, அதை வேறொரு மாணாக்கர் படித்துப் பார்த்து மிகவும் மட்டமாக இகழ்ந்ததுபோல ஒரு மதிப்புரையைக் கையில் கொடுத்து, வேண்டுமென்றே அவர்களுக்குக் கோபமூட்டினார். பிறகு ஒரு பகுதியினரை, இகழ்ந்தவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைக்காரர் பழகும் மூட்டையைக் குத்தச் சொன்னார். மற்றொரு பகுதியினரை, உடற்பயிற்சியை நினைத்துக்கொண்டு அதே மூட்டையைக் குத்தச் சொன்னார். மூன்றாம் பகுதியினர் இரண்டு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தனர். அதன்பின், இகழ்ந்தவர் காதில் பெரும் சத்தம் விழச் செய்யும் ஒரு போட்டியில் எவ்வளவு உரத்த சத்தத்தை எவ்வளவு நேரம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அளந்தபோது, எதிரியை எண்ணிக் குத்தியவர்களே மிகுந்த கோபமும் கடுமையும் உடையவர்களாகக் காணப்பட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடமே கடுமை குறைவாய் இருந்தது. 2024-ல் புஷ்மனும் அவருடைய சகா ஒருவரும் 154 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோதும், உடம்பின் கிளர்ச்சியைக் கூட்டும் செயல்களால் கோபம் குறைவதில்லை, மூச்சை நிதானித்தல், தியானம், தசைகளைத் தளர்த்துதல் போன்ற கிளர்ச்சியைத் தணிக்கும் செயல்களாலேயே குறைகிறது என்று கண்டார்கள். கோபத்தை ஆடித் தீர்க்கிறவன் கோபத்துக்கு ஒத்திகை பார்க்கிறான் என்றே சொல்ல வேண்டும்.

இனி இரண்டாவது அபிப்பிராயத்துக்கு வருவோம். இதைப் பரிசோதனைச் சாலைக்குள் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் பென்னபேக்கர். அமெரிக்காவில் பொய்யறியும் கருவியைக் கையாளும் அதிகாரிகளிடம் பேசியபோது அவருக்கு ஒரு வினோதமான செய்தி கிடைத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுடைய இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும், அடுத்துச் சிறைவாசம் காத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தும், பலமுறை தணிந்துவிடுகின்றன என்பதே அது. வாழ்க்கைத் துணையைத் தற்கொலையிலோ விபத்திலோ பறிகொடுத்தவர்களை அவரும் ஒரு சகாவும் 1984-ல் ஆராய்ந்தபோது, அந்த மரணத்தைப் பற்றி நண்பர்களோடு பேசியவர்கள் அதையே ஓயாமல் உள்ளே நினைத்து மறுகுவதும், பின்பு நோயுறுவதும் குறைவு என்று தெரிந்தது. ஆனால் பேசக்கூடிய நண்பர் இருப்பதே ஒரு பாக்கியம். நன்மை பேச்சால் வந்ததா, நட்பால் வந்ததா என்று இதிலிருந்து பிரித்தறிய வழியில்லை. ஆகவே கேட்பவர் யாருமின்றித் தாளில் எழுதச் செய்து பார்க்கலாம் என்று பென்னபேக்கர் தீர்மானித்தார்.

டல்லஸ் நகரத்தில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் சர்வகலாசாலையில், சாண்ட்ரா பீல் என்ற மாணவியோடு சேர்ந்து அவர் நடத்தி 1986-ல் வெளியிட்ட அந்தப் பரிசோதனை எளிமையில் ஒப்பற்றது. 46 மாணாக்கர்கள் அடுத்தடுத்து நான்கு நாள், நாளொன்றுக்கு 15 நிமிஷம், ஒரு சிறு அறையில் தனியே அமர்ந்து எழுதினார்கள். எழுதுவது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. எழுத்துப் பிழையும் இலக்கணமும் கவனிக்கப்படமாட்டா. ஒரு வகுப்பினர் தங்கள் அறை, காலணி முதலிய அற்ப விஷயங்களைப் பற்றி எழுத வேண்டும். மற்ற மூன்று வகுப்பினர் தங்கள் வாழ்வில் நேர்ந்த மிகக் கொடிய அனுபவத்தைப் பற்றி எழுத வேண்டும். ஆனால் அவர்களில் ஒரு வகுப்பினர் நடந்த சம்பவத்தை மட்டும், மற்றொரு வகுப்பினர் அதனால் எழுந்த உணர்ச்சியை மட்டும், மூன்றாம் வகுப்பினர் சம்பவத்தையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுத வேண்டும். சிறு வயதில் கண்ட மரணங்கள், பெற்றோரின் பிரிவு, ஒருவரிடமும் சொல்லாத அவமானங்கள் என்று அந்த இளைஞர்கள் எழுதிவைத்தவை ஆராய்ச்சியாளர்களையே திகைக்க வைத்தன.

எழுதி முடித்தவுடன் சம்பவத்தையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு மனம் லேசாகவில்லை. மற்றவர்களைவிட அதிக வருத்தமும் சற்று ஏறிய இரத்த அழுத்தமுமே அவர்களிடம் காணப்பட்டன. கொட்டியவுடன் பாரம் இறங்கும் என்ற கொள்கை இங்கே முறிந்துவிடுகிறது. ஆயினும் அடுத்த ஆறு மாத காலத்தில் அந்த மாணாக்கர்கள் சர்வகலாசாலையின் வைத்திய சாலைக்கு நோயென்று சென்ற தடவைகள் குறைந்தன. சம்பவத்தை மட்டும் பத்திரிகைச் செய்திபோல எழுதியவர்களோ, அற்ப விஷயங்களை எழுதியவர்களிலிருந்து ஏறக்குறைய வேறுபடவேயில்லை.

1988-ல் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர், ரொனால்ட் கிளேசர் என்னும் தம்பதியரோடு சேர்ந்து பென்னபேக்கர் 50 மாணாக்கர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, வேதனையைப் பற்றி எழுதியவர்களுடைய வெள்ளணுக்கள் வெளிப்பொருள்களுக்கு எதிராக அதிகச் சுறுசுறுப்போடு பெருகுவது தெரிந்தது. நியூசிலாந்தில் 1995-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கல்லீரல் அழற்சித் தடுப்பூசி போட்டுக்கொள்வதற்கு முன் இப்படி எழுதிய வைத்திய மாணாக்கர்களுக்கு எதிர்ப்புப் பொருள் கூடுதலாக உண்டாயிற்று. ஜோஷுவா ஸ்மித் என்பவரும் சகாக்களும் 1999-ல் வெளியிட்டது ஆரோக்கியமான மாணாக்கர்களை விட்டு உண்மையான நோயாளிகளிடம் சென்றது. ஆஸ்த்மாவாலோ முடக்குவாதத்தாலோ வருந்திய 112 பேர் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிஷம் எழுதினார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, வாழ்வின் பெருந்துன்பத்தைப் பற்றி எழுதியவர்களில் 47 சதவீதத்தினருக்கும், அன்றாடத் திட்டங்களைப் பற்றி எழுதியவர்களில் 24 சதவீதத்தினருக்கும் வைத்தியர்கள் மதிக்கத்தக்க குணம் ஏற்பட்டிருந்தது. இவர்கள் எல்லோரும் வழக்கமான மருந்தையும் உட்கொண்டு வந்தவர்களே. எழுத்து மருந்துக்குத் துணையாக நின்றதேயன்றி மாற்றாக வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1994-ல் வெளியான மற்றொரு பரிசோதனை. ஒரு பெரிய கம்பெனியிலிருந்து வேலை நீக்கம் செய்யப்பட்ட, நடுவயதைத் தாண்டிய பொறியாளர்கள், வருஷக்கணக்காய் உழைத்த இடம் தங்களை வெளியே தள்ளியதன் கசப்போடு வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கசப்பையும் அவமானத்தையும் பற்றி எழுதியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சில மாதங்களில் வேலை பெற்றுவிட்டனர். மற்றவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் கிட்டவில்லை. எழுதியவர்கள் அதிக இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார்களா, அதிக நேர்காணல்களுக்குச் சென்றார்களா என்று பார்த்தால், இல்லை. நேர்காணலில் பழைய முதலாளியின்மீது இருந்த ஆத்திரம் வார்த்தைக்கு வார்த்தை எட்டிப் பார்க்காமல் நிதானமாகப் பேச அவர்களால் முடிந்திருக்க வேண்டும் என்பதே ஆராய்ச்சியாளர்களின் ஊகம். உத்தியோகம் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

இதெல்லாம் எப்படி நிகழ்கிறது? இரகசியத்தை அடக்கி வைக்கும் சிரமம் நீங்குவதே காரணம் என்று பென்னபேக்கர் முதலில் கருதினார். பிறகு, எழுதப்பட்ட தாள்களிலுள்ள சொற்களைக் கணிப்பொறியால் வகைப்படுத்தி எண்ணிப் பார்த்தபோது அந்த விளக்கம் போதவில்லை. முதல் நாள் சிதறிக் கிடந்த நினைவுகளை நாளுக்கு நாள் கோவைப்படுத்தி, ஆகையால், ஏனெனில் என்று காரணம் காட்டும் சொற்களையும், இப்போது விளங்குகிறது, உணருகிறேன் என்று தெளிவைக் காட்டும் சொற்களையும் வரவரக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கே உடல்நலம் அதிகம் சீரடைந்தது. முதல் நாளே கதையை ஒழுங்காகச் சொல்லிவிட்டு அதையே மறுபடியும் மறுபடியும் எழுதியவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை. மற்றொரு சோதனையில் மாணாக்கர்களில் சிலர் தங்கள் வேதனையை அங்க அசைவுகளால் மட்டும் வெளிப்படுத்தினார்கள். சிலர் அசைவுகளால் வெளிப்படுத்திவிட்டுப் பின் எழுதவும் செய்தார்கள். இரு சாராரும் மனம் இதமாயிருந்தது என்றே சொன்னார்கள். ஆனால் உடல்நலத்திலும் பரீட்சை மதிப்பெண்களிலும் அபிவிருத்தி கண்டவர்கள் எழுதியவர்கள் மட்டுமே. 2007-ல் மாத்யூ லீபர்மன் என்பவர், கோபமோ அச்சமோ காட்டும் முகப்படங்களைப் பார்ப்பவர்களின் மூளையைப் படம்பிடித்து, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது அச்சத்தோடு நெருங்கிய சம்பந்தமுள்ள அமிக்டலா என்னும் பகுதியின் வேலை குறைவதையும், நெற்றிக்குப் பின்னால் வலப்புறமுள்ள ஒரு பகுதியின் வேலை கூடுவதையும் காட்டினார். பெயர் சொல்லும் அளவுக்கே இந்த வன்மை இருக்குமானால், ஆதியும் அந்தமும் உள்ள ஒரு விவரணமாக அமைப்பதற்கு அதிக வன்மை இருப்பது ஆச்சரியமில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு இதுவே சர்வரோக நிவாரணி என்று யாரும் புறப்பட்டுவிடக் கூடாது. 2006-ல் ஜோயன் ஃபிராட்டரோலி 146 பரிசோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, நன்மை இருப்பது மெய் என்றாலும் சராசரியில் அதன் அளவு மிகச் சிறியது என்றே தெரிந்தது. ஆனாலும் இதற்கு ஆகும் செலவு ஒரு தாளும் பேனாவும் ஒருமணி நேரமுமே ஆதலால், சிறிய பலனும் அலட்சியம் செய்யத்தக்கதன்று என்பது என் கருத்து.

உண்மையில் அஞ்ச வேண்டியது வேறு ஒன்று. தீயணைப்புப் படையினரும் விபத்து உதவியாளர்களும் கோரக் காட்சிகளைக் கண்ட சில நாட்களுக்குள் அவர்களை வட்டமாக உட்கார வைத்து, கண்டதையும் உணர்ந்ததையும் ஒவ்வொருவராகச் சொல்லச் செய்யும் முறை ஒன்றை ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர் 1983-ல் வகுத்தார். நல்லெண்ணத்தில் பிறந்த அந்த முறை போலீஸ், இராணுவம், வங்கி, வைத்திய சாலை என்று எங்கும் வேகமாகப் பரவிற்று. இங்கிலாந்தில் சாலை விபத்தில் காயமடைந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இத்தகைய ஒருமுறை உரையாடலை நடத்தி, மூன்று வருஷம் கழித்துச் சோதித்து 2000-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உரையாடல் பெற்றவர்களின் நிலை பெறாதவர்களின் நிலையைவிடச் சீர்கெட்டிருந்தது; முக்கியமாக, ஆரம்பத்திலேயே மிகவும் கலங்கியிருந்தவர்களுக்கு ஆறாமலே இருந்தது. 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி நாகப்பட்டினத்தையும் இலங்கைக் கரையோரத்தையும் அழித்தபின் ஆறுதல் சொல்லப் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தபோது, ஒருமுறை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் இந்த முறையைக் கையாள வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்தது. புண் பட்டவுடன் வேண்டியவை பாதுகாப்பும், உணவும், உறவினர் இருக்கும் இடம் தெரிவதும், சொல்ல விரும்பினால் கேட்பதற்கு ஒருவர் பக்கத்தில் இருப்பதுமே. சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அன்று.

ஆகவே, தானே செய்து பார்க்க விரும்புகிறவருக்குச் சொல்லத்தக்கது சுருக்கமானது. துன்பம் நேர்ந்து சில வாரங்களாவது கழியட்டும். ஒருவரும் குறுக்கிடாத இடத்தில், மூன்று அல்லது நான்கு நாள், நாளுக்கு 15 அல்லது 20 நிமிஷம், கையை எடுக்காமல் எழுதலாம். நடந்ததோடு உணர்ந்ததையும், முடிந்தால் அதற்குக் காரணமாகத் தோன்றுவதையும் எழுத வேண்டும். எழுதியதை எவருக்கும் காட்ட வேண்டியதில்லை, கிழித்தும் விடலாம். எழுதிய உடனே சிறிது சோகம் கவிவது இயல்பு. அது நாட்கணக்கில் நீடித்தாலும், உறக்கம் கெட்டாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினாலும் எழுதுவதை நிறுத்திவிட்டு மனநல வைத்தியரை நாட வேண்டும். இந்தியாவில் 14416 என்ற அரசாங்கத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

காரியாலயங்களிலும் கல்லூரிகளிலும் இத்தகைய பயிற்சிகளை நடத்துகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. மேலதிகாரியும் உடன் வேலை செய்கிறவர்களும் உட்கார்ந்திருக்கும் வட்டத்தில் ஒருவரை எழுப்பி நிறுத்தி, உங்கள் மனத்திலுள்ளதைச் சொல்லுங்கள் என்று கேளாதீர்கள். தலையணையையும் மூட்டையையும் குத்தச் சொல்லாதீர்கள். விரும்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனி இடமும் சில வெள்ளைத் தாள்களும் அரைமணி நேரமும் கொடுங்கள். எழுதிய தாளை அவர்களே எடுத்துச் செல்லட்டும்.